பாதியில் நிற்கும் வேலைகள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

ஒரு பக்கம் மட்டும் வண்ணம் பூசிய ஜன்னல், கை இணைக்காத ஸ்வெட்டர், கீல் மாட்டியும் கதவு மாட்டாத அலமாரி, ஓரம் தைக்காத திரைச்சீலை. ஒரே வீட்டில் இப்படி ஏழெட்டு வேலைகள் அந்தரத்தில் நின்றால், வீட்டுக்காரர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் காரணம் ஒன்றுதான்: "எனக்கு ஊக்கம் போதவில்லை." பார்க்க வருகிறவர்களும் "ஆரம்ப சூரத்தனம்" என்று முத்திரை குத்திவிட்டுத் தேநீர் குடித்துப் போய்விடுவார்கள்.

இந்தக் கணிப்பை நான் எளிதில் ஏற்பதில்லை. நின்றுபோன வேலையின் அருகில் போய்க் குனிந்து பாருங்கள். நான்கு திருகாணி குறைந்திருக்கும். எந்த நிறம் என்று முடிவாகியிருக்காது. மேசைமேல் வேறொரு வேலை பரப்பிக் கிடக்கும். திருகாணி இல்லாமல் நிற்கும் கதவை எவ்வளவு ஊக்கம் வந்தாலும் மாட்ட முடியாது. ஆகவே மனத்தைத் திட்டுவதற்கு முன் வேலையைச் சோதிப்போம்.

கீழே உள்ளதை வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் தெரியும் அறிகுறியைத் தேடி நேராக அங்கே போகலாம். மொரீசியஸ் வீடுகளையும் நம் தீவின் மழையையும் உப்புக்காற்றையும் மனத்தில் வைத்து எழுதியது இது.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியது

நோட்டுப் புத்தகமும் பென்சிலுமாக வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். வராந்தா, பின்கட்டு, மொட்டைமாடி, கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்த பை என எதையும் விடக்கூடாது. பாதியில் நிற்கும் ஒவ்வொன்றையும் ஒரு வரியில் எழுதி, எதிரே எதனால் நிற்கிறது என்று ஒரே சொல்லில் குறியுங்கள்: பொருள், முடிவு, இடம், வானிலை, பயிற்சி, ஆசை. பயிற்சி என்றால் அடுத்த படியைச் செய்யத் தெரியவில்லை என்று பொருள். ஜிப் வைக்கத் தெரியாததால் நிற்கும் பாவாடை இதில் சேரும். ஆசை என்பதைக் கடைசியில்தான் எழுத வேண்டும், அதுவும் மற்ற ஐந்தும் பொருந்தாதபோது மட்டும். பட்டியலை முடித்ததும் எண்ணிப் பாருங்கள். ஆசை என்று குறித்தவை மிகச் சிலவாகவே இருக்கும்.

அறிகுறி: எதைத் தொடுவது என்று தெரியாமல் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்

காரணம்: திறந்து கிடக்கும் வேலைகளின் எண்ணிக்கை. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது சும்மா சொன்ன பேச்சில்லை, கணக்கிலும் நிற்கும். காத்திருக்கும் வரிசைகளைப் பற்றிய ஒரு விதியை ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் நிறுவிக் காட்டினார். கையில் எத்தனை வேலைகள் இருக்கின்றனவோ அதை, வேலைகள் முடியும் வேகத்தால் வகுத்தால், ஒரு வேலை முடிய ஆகும் சராசரிக் காலம் வந்துவிடும். மாதத்துக்கு ஒன்று முடிப்பவர் 12 வேலைகளைத் திறந்து வைத்திருந்தால், ஒவ்வொன்றும் சராசரியாக ஓர் ஆண்டு இழுக்கும். அவரே மூன்றை மட்டும் திறந்து வைத்திருந்தால் மூன்று மாதம். உழைப்பு கூடவில்லை, ஓர் ஆண்டாகக் கண்ணில் குத்திக்கொண்டிருப்பது மூன்று மாதத்தில் போய்விடுகிறது.

செய்ய வேண்டியது: திறந்த வேலைகளுக்கு மூன்று இடம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று தூசியும் ஈரமும் உள்ள வீட்டு வேலை. இன்னொன்று மேசையும் வெளிச்சமும் கேட்கும் கைவேலை. மூன்றாவது, பஸ்ஸிலோ மெட்ரோவிலோ கோயில் மண்டபத்திலோ மடியில் வைத்துச் செய்யக்கூடிய சின்ன வேலை. மூன்றும் மூன்று விதமாக இருப்பது முக்கியம். மழை பெய்தால் முதல் வேலை நிற்கும், மின்சாரம் போனால் இரண்டாவது நிற்கும். மூன்றாவதைத் தடுக்க எதுவும் இல்லை. ஒன்று முடிந்தால்தான் அதே வகையில் அடுத்தது உள்ளே வரலாம்.

மீதி ஒன்பதை என்ன செய்வது? அதற்குத் தனியாகவே ஓர் அறிகுறி உண்டு.

அறிகுறி: ஒதுக்கி வைத்துவிட்டேன், ஆனாலும் மனம் அரிக்கிறது

நின்றுபோன வேலைக்கும் நிறுத்திவைத்த வேலைக்கும் உள்ள வித்தியாசத்தை நம் ஊர் வீடுகளின் கூரையிலேயே பார்க்கலாம். 1960இல் கரோல் புயல் மரவீடுகளையும் தகரவீடுகளையும் வாரிக்கொண்டு போன பிறகு, இங்கே காங்கிரீட் வீடே வழக்கமானது. தட்டையான கூரை, அதன் மூலைகளில் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கம்பிகள். மகனுக்கோ மகளுக்கோ கல்யாணம் ஆனால் மேலே ஒரு மாடி எழும்பும் என்பதற்காக விட்டவை. இருபது ஆண்டு அப்படியே நின்றாலும் அந்த வீட்டுக்காரரை யாரும் சோம்பேறி என்று சொல்வதில்லை. எதற்காக நிற்கிறது, எப்போது தொடரும், எந்த இடத்திலிருந்து தொடரும் என்ற மூன்றும் எல்லோருக்கும் தெரியும்.

ஆனால் விவரம் தெரிந்தவர் கம்பியை வெறுமனே விட்டுவிட மாட்டார். உப்புக்காற்றில் துருப்பிடித்த இரும்பு பருத்து, சுற்றியுள்ள காங்கிரீட்டை வெடிக்கச் செய்யும். அதனால் கம்பிக்குச் சிமெண்டுக் குழம்போ துருத்தடுப்பு வண்ணமோ பூசி, மேல்முனையை மூடிவைப்பார். நிறுத்திவைப்பதும் ஒரு வேலைதான் என்பதைக் கவனியுங்கள். பின்னலையும் மரவேலையையும் நாம் அப்படிச் செய்வதில்லை. பாதியில் எழுந்து போகிறோம், அதன்மேல் இஸ்திரி போட வேண்டிய துணி வந்து விழுகிறது, கதை முடிந்தது.

செய்ய வேண்டியது: ஒதுக்கும் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பை அல்லது டப்பா. நூல், ஊசி, பொத்தான், திருகாணி, மாதிரித் தாள் எல்லாம் அதற்குள். ஒரு சீட்டில் இப்படி எழுதுங்கள்: "4ஆம் எண் ஊசி. முதுகுப் பகுதி முடிந்தது. இடது கையில் 32 வரிசை ஆகியிருக்கிறது. அடுத்து: இரு பக்கமும் ஒவ்வொரு கண்ணி கூட்ட வேண்டும். மே மாதம் எடுக்கலாம்." வண்ணமாக இருந்தால் டப்பாவின் மூடியில் நிற எண்ணையும் எந்தச் சுவர் என்பதையும் எழுதுங்கள். மூடி துருப்பிடித்து எழுத்து மறையலாம் என்பதால் நோட்டிலும் ஒரு பிரதி.

இந்தச் சீட்டுக்கு ஓர் ஆராய்ச்சிப் பின்புலம் உண்டு. மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் 2011இல் வெளியிட்ட சோதனைகளில், முடியாத வேலை பற்றிய எண்ணம் மற்ற வேலைகளுக்கு நடுவே வந்து தொல்லை கொடுத்தது. எப்போது, எப்படித் தொடரப்போகிறோம் என்று திட்டவட்டமாக எழுதியவர்களுக்கு, வேலையை முடிக்காமலே அந்தத் தொல்லை அடங்கியது. மனம் அரிப்பது நிற்க, வேலை முடிய வேண்டும் என்பதில்லை. நம்பத்தக்க சீட்டு ஒன்று போதும்.

அறிகுறி: முக்கால்வாசிக்கு மேல் முடிந்துவிட்டது, கடைசித் துளி மட்டும் நகரவில்லை

எல்லா அறிகுறிகளிலும் அதிகம் காணப்படுவது இதுதான். பாதிக் கிணறு தாண்டியவரைக்கூடக் கையைப் பிடித்து இழுத்துவிடலாம். முக்காலே முண்டாணி தாண்டியவரை அசைப்பது கடினம்.

காரணத்தைத் தெரிந்துகொள்ள நம் தீவின் பின்னலாடை ஆலைகளை நினைத்துப் பாருங்கள். 1970இல் ஏற்றுமதி மண்டலச் சட்டம் வந்தபின் ஆலைகள் பெருகி, 1980களில் ஆயிரக்கணக்கான பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். கம்பளி ஸ்வெட்டர் ஒன்று ஒருவர் கையில் உருவானதில்லை. பின்னும் இயந்திரம் ஒருவரிடம், துண்டுகளை இணைக்கும் இயந்திரம் வேறொருவரிடம். நூல் முனைகளை மறைப்பவர் ஒருவர். கழுவுபவர், ஆவியில் இஸ்திரி போடுபவர், வெளிச்சத்தில் பிடித்துக் குறை பார்ப்பவர் எல்லோரும் தனித்தனி ஆட்கள். இணைப்பது மட்டுமே ஒரு முழுத் தொழில். அதற்குக் கண்ணும் பொறுமையும் வேறு விதமாக வேண்டும். வீட்டில் பின்னுபவர் இத்தனை ஆட்களாகவும் தாமே இருக்க வேண்டும். பின்னலில் தேர்ந்தவர், இணைப்பில் புதியவராக இருக்கக்கூடும். கடைசித் துளி என்று நாம் நினைப்பது உண்மையில் புதிய வேலை ஒன்றின் முதல் துளி. அதற்கென்று நேரமும் கருவியும் ஒதுக்காததால்தான் அது நிற்கிறது.

செய்ய வேண்டியது: இறுதி வேலைகளைத் தனி வேலையாகப் பெயரிட்டுப் பட்டியலில் எழுதுங்கள். "நீல ஸ்வெட்டர்" என்ற வரியை அடித்துவிட்டு "நீல ஸ்வெட்டர் இணைப்பு" என்று போடுங்கள். அதற்குரியவற்றை ஒரு டப்பாவில் சேருங்கள்: முனை மழுங்கிய பெரிய ஊசி, அதே நூல், குண்டூசிகள், துண்டு. துண்டுகளை முதலில் ஈரப்படுத்தி, அளவுக்கு இழுத்துப் பரப்பிக் காயவிடுங்கள். சுருண்ட ஓரத்தை இணைக்கப் பார்ப்பதுதான் பலரையும் வெறுப்பேற்றுகிறது. பிறகு இரண்டு துண்டுகளையும் முகம் மேலே தெரிய அருகருகே வையுங்கள். ஓரக் கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் நடுவே ஏணிப்படிபோல் குறுக்கே ஓடும் இழை ஒன்று தெரியும். இந்தப் பக்கம் ஒரு படியின் அடியில் ஊசி, அந்தப் பக்கம் ஒரு படியின் அடியில் ஊசி என்று மாறி மாறிப் போய், விரற்கடை அளவு ஆனதும் நூலை மெல்ல இழுங்கள். இரண்டு ஓரமும் உள்ளே மடங்கித் தையலே தெரியாமல் மூடிக்கொள்ளும். முதல் இழுப்பில் இது மூடுவதைப் பார்த்தவர் அந்தக் கையை அன்றே இணைத்துவிடுவார்.

மரவேலையிலும் இதே கதைதான். அறுப்பதும் அடிப்பதும் ஓர் ஆளின் வேலை. உப்புத்தாள் தேய்ப்பதும் வார்னிஷ் அடிப்பதும் இன்னோர் ஆளின் வேலை. வீட்டில் அந்த இன்னோர் ஆள் உண்மையாகவே இருந்தால் கொடுத்துவிடுங்கள். ஒருவர் சாகசமாக அறுப்பார், இன்னொருவர் நிதானமாகத் தேய்ப்பார். இதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை.

இன்னொரு காரணமும் இருக்கலாம். முடித்துவிட்டால் பிறர் பார்ப்பார்கள், குறை சொல்வார்கள். முடியாத வரைக்கும் "இன்னும் வேலை இருக்கிறது" என்று தப்பிக்கலாம். இதற்குச் சோதனை எளிது: அந்தப் பொருளை அடுத்த மாவட்டத்தில் இருக்கும், உங்களைத் தெரியாத ஒருவருக்குக் கொடுப்பதாக இருந்தால் இன்று முடித்துவிடுவீர்களா? ஆம் என்றால் நிற்பது உங்கள் கையால் அல்ல, பிறர் கண்ணால். அப்படிப்பட்ட பொருளை முடித்ததும் யாரிடமும் காட்டாமல் ஒரு வாரம் பயன்படுத்துங்கள்.

அறிகுறி: சனிக்கிழமை முழுவதும் எடுத்து வைப்பதிலேயே போய்விடுகிறது

காரணம்: ஆயத்தச் செலவு. நீட்டிப்பு வயரைத் தேடி, துளையிடும் இயந்திரத்துக்குச் சரியான முனையைத் தேடி, தரைக்குப் பழைய படுக்கைவிரிப்பைப் போட்டு நிமிர்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது: ஆயத்தத்தை வெள்ளி மாலையே தனியாக முடித்துவிடுங்கள், அன்று ஒரு திருகாணிகூட முடுக்க வேண்டாம். நிறுத்தும்போது அடுத்த அசைவு கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். வரிசையின் முடிவில் நிறுத்தாமல், வரிசையின் நடுவே. பலகையைக் குறித்துவிட்டு, அறுக்காமல்.

முடியாத வேலை முடிந்ததைவிட நன்றாக நினைவில் நிற்கும் என்று 1927இல் உளவியலாளர் புளூமா சைகார்னிக் எழுதியது புகழ்பெற்ற கருத்து. அதன்பின் வந்த சோதனைகளைச் சேர்த்துப் பார்த்த 2025ஆம் ஆண்டு ஆய்வில் அந்த நினைவு விளைவு தேறவில்லை. ஆனால் அவருடன் பணியாற்றிய மரியா ஒவ்சியான்கினா 1928இல் சொன்னது தேறியது: இடையில் நிறுத்தப்பட்டவர்கள் வாய்ப்புக் கிடைத்ததும் தாமாகவே அதே வேலைக்குத் திரும்புகிறார்கள். அந்தத் திரும்பும் இழுப்பைப் பயன்படுத்திக்கொள்ளத்தான் நடு வரிசையில் நிறுத்துவது.

அறிகுறி: மழை விடட்டும் என்று காத்திருந்தே காலம் போகிறது

இது சாக்காகவும் இருக்கலாம், நியாயமாகவும் இருக்கலாம். பிரித்துப் பார்ப்போம்.

நியாயமானவை: வெளிச்சுவர், கூரையின் நீர்புகாப் பூச்சு, வார்னிஷ். காற்றில் ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் பெரும்பாலான வண்ணங்களைப் பூசக்கூடாது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும். புதிய சிமெண்டுப் பூச்சு ஏறக்குறைய 28 நாள் உலர வேண்டும். அவசரப்பட்டால் உப்புப் பூத்து வண்ணம் உரியும். நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழையும் புயலும். மே முதல் அக்டோபர் வரை உலர்ந்த குளிர் மாதங்கள். அதிலும் கரையோரத்தில் இருப்பவருக்கும் மேட்டுநிலத்தில் இருப்பவருக்கும் ஒரே பஞ்சாங்கம் உதவாது. கிராண்ட் பேயில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போது, 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கும் கியூர்பீப்பில் குளிர்காலத்திலும் தூறிக்கொண்டிருக்கும். கியூர்பீப்காரர் வெளிச்சுவரை செப்டம்பர், அக்டோபருக்கு ஒதுக்குவதே உத்தமம்.

ஆகவே பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள். வெளி வேலைகள் குளிர் மாதங்களுக்கு. பின்னல், தையல், பூவேலை, காகித வேலை மழை மாதங்களுக்கு. ஜனவரியில் "கூரைப் பூச்சு முடியவில்லையே" என்று வருந்துவது வீண் வருத்தம். அது ஜனவரி வேலையே இல்லை.

மரத்துக்கு ஒரு குறிப்பு: பிப்ரவரியில் இழுப்பறை இறுகி நின்றால் உடனே இழைக்காதீர்கள். ஈரத்தில் மரம் ஊதியிருக்கும்; ஆகஸ்டில் அது ஆடத் தொடங்கும். கரையோர வீடுகளில் சாதாரண இரும்புத் திருகாணி போட்டால் ஓராண்டில் பழுப்புக் கண்ணீர் வடிக்கும். துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள், இல்லாவிட்டால் முடித்த வேலையே மறுபடி முடியாத வேலைகளின் பட்டியலுக்கு வந்துவிடும்.

அவசரம் ஒன்று உண்டு. முற்றத்தில் அடுக்கிவைத்த பலகை, தகரம், பாதி டப்பா வண்ணம் இவற்றுக்கு நவம்பர்தான் கெடு. புயல் எச்சரிக்கையின் தொடக்கக் கட்டமான முதல் வகுப்பு வந்தபின் இவற்றைத் தூக்கி உள்ளே வைக்க எல்லோரும் ஒரே நேரத்தில் ஓடுவார்கள். காற்றில் பறக்கும் பலகை பக்கத்து வீட்டுக் கண்ணாடியைத்தான் தேடிப் போகும்.

அறிகுறி: சாமான் வாங்கினாலே மனம் நிறைந்துவிடுகிறது

டிசம்பரில் 13ஆம் மாதச் சம்பளம் என்ற ஆண்டிறுதி போனஸ் கைக்கு வந்ததும் இரும்புச் சாமான் கடையிலும் துணிக்கடையிலும் கூட்டம் பிதுங்கும். அன்று வாங்கியது ஏப்ரலில் பையைவிட்டு வெளியே வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

பொது விதி: அடுத்த ஒரு படிக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். விதிவிலக்கு இரண்டு, இரண்டும் முக்கியமானவை. கம்பளி நூலை ஒரே சாயத் தொகுதி எண்ணில், அதாவது ஒரே தடவையில் சாயமேற்றியதாக, முழு அளவும் ஒரே நாளில் வாங்கிவிட வேண்டும்; எண் மாறினால் நிறமும் சற்று மாறும். எல்லாம் கப்பலில் வரும் தீவு இது. அதே எண் மறுபடி வருவது உங்கள் அதிர்ஷ்டம். டைல்ஸும் அப்படியே: உடைசலுக்கும் வெட்டுக்கும் பத்து விழுக்காடு கூட்டி ஒரே தடவையில். இந்த இரண்டில் சிக்கனம் பார்த்ததால் நிரந்தரமாக நிற்கும் வேலைகள் ஊர் முழுக்க உண்டு.

அறிகுறி: கெடு வைத்தால் கெடு மட்டும் நகர்கிறது

1994இல் ஒரு கனடா பல்கலைக்கழகத்தில் மாணவர்களிடம், ஆய்வேட்டை எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரிப் பதில் 33.9 நாள். உண்மையில் ஆனது 55.5 நாள். நாம் எல்லோரும் இந்த இனம்தான். பழைய அனுபவத்தைக் கணக்கில் எடுக்காமல், தடங்கலே வராத ஒரு வாரத்தைக் கற்பனை செய்துகொண்டு நாள் குறிக்கிறோம்.

ஆனால் நம்மிடையே ஒரு கைவேலை மட்டும் கெடுவைத் தவறவிடுவதே இல்லை: தைப்பூசக் காவடி. தைப்பூசத்தன்று காலையில் பாதிக் காவடியோடு ஆற்றங்கரையில் நின்றவரை நான் கண்டதில்லை. ஸ்வெட்டரை இரண்டு ஆண்டாக முடிக்காத அதே மனிதர், அதே கைகளால், காவடியை முடித்திருப்பார். ஊக்கம் குணம் சார்ந்தது என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள்?

பக்தி ஒரு காரணம். அதை நூல் பைக்குள் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் வேண்டாம். ஆனால் மற்றவற்றைப் பாருங்கள். நாளை நாம் நகர்த்த முடியாது. நிலவு பார்த்துக் குறித்தது. 2025இல் பிப்ரவரி 11, 2026இல் பிப்ரவரி 1 என்று அது நம்மைக் கேட்காமலே முன்னே வரும். அளவு ஏற்கெனவே தீர்மானமானது: அடிப்பலகை, மேலே வளைவு, இரு பக்கமும் பால் செம்பு, பூ, தழை, மயிலிறகு. இந்த ஆண்டு மூன்று மாடிக் காவடி செய்யலாமா என்று பாதி வழியில் யோசனை மாறுவதில்லை. வரிசையும் மாறாது. கொடியேறிப் பத்து நாள் விரதம் தொடங்கும்போது சட்டம் தயாராக இருக்க வேண்டும், ஏனெனில் பூவை முன்கூட்டிக் கட்ட முடியாது, கட்டினால் வாடிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, தனியாக யாரும் காவடி கட்டுவதில்லை. முந்தின நாள் இரவு மாமா வளைவைப் பிடித்துக்கொள்வார், சித்தி சாமந்தியைத் தொடுத்துக் கொடுப்பார், சின்னப் பிள்ளைகள் நூலை அறுத்து நீட்டுவார்கள். "அண்ணே, அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, பாருங்கள்" என்று ஒருவர் சொல்ல, இன்னொருவர் கம்பியை இழுத்து முறுக்குவார். கை ஓய்ந்தால் அடுத்த கை எடுத்துக்கொள்கிறது.

செய்ய வேண்டியது: இவற்றை இரவல் வாங்குங்கள். கெடுவாக உங்கள் கையில் இல்லாத நாள் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: பிறக்கப்போகும் குழந்தை, வரப்போகும் விருந்தாளி, பள்ளி திறக்கும் நாள். ஆரம்பிக்கும்போதே அளவைப் பூட்டுங்கள். நடுவில் தோன்றும் புதிய யோசனை அடுத்த பொருளுக்கு. கடைசி நாளுக்கு முன் "சட்டம் தயார்" என்று ஓர் இடைக்கெடு. மாதத்தில் ஒரு ஞாயிறு, அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று பேர் தங்கள் தங்கள் பாதி வேலையை எடுத்துக்கொண்டு ஒரே மேசையில் உட்காருங்கள். பேச்சு வேறு எதைப் பற்றியாவது இருக்கட்டும். காலம் கணக்கிடும்போது, கடைசியாக இதே மாதிரி வேலைக்கு ஆன காலத்தை எடுத்து அதையே எழுதுங்கள். இந்தத் தடவை சீக்கிரம் முடியும் என்ற குரலுக்குக் காது கொடுக்க வேண்டாம். விரதப் பத்து நாளிலும், தீபாவளிக்கு முந்தின வாரத்திலும் எந்த வேலையையும் குறிக்காதீர்கள்.

அறிகுறி: எவ்வளவு செய்தும் நகர்ந்ததாகவே தெரியவில்லை

துண்டுத் துணிப் போர்வை, பெரிய குரோஷா விரிப்பு போன்றவற்றில் இது வரும். பட்டியல் எழுதும்போது முடித்த படிகளையும் எழுதி அடித்துவிடுங்கள். 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், கார் கழுவும் இடத்தில், இலவசமாக ஒரு தடவை கழுவிக்கொள்ள எட்டு முத்திரை வேண்டிய அட்டையைச் சிலருக்கும், பத்து முத்திரை வேண்டிய, ஆனால் இரண்டு ஏற்கெனவே குத்திய அட்டையைச் சிலருக்கும் கொடுத்தார்கள். மீதி இரண்டிலும் எட்டுதான். முதல் வகையில் 19 விழுக்காட்டினரும் இரண்டாம் வகையில் 34 விழுக்காட்டினரும் முடித்தார்கள். துணி வெட்டியது, துவைத்தது, நிறம் பிரித்தது எல்லாம் நீங்கள் குத்திய முத்திரைகள்தான்.

அறிகுறி: வீட்டில் இருப்பவர்கள் குத்திக்காட்டுகிறார்கள்

அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாப்பாட்டு மேசை, குளியலறை, வாசல் வழி இவை பொதுச் சொத்து. அங்கே நிற்கும் வேலை மூன்று இடங்களில் முதலிடம் பெற வேண்டும். உங்கள் ஆசைக் கைவேலை அதற்குப் பிறகு. மற்றபடி, மூடிய டப்பாவுக்குள் இருக்கும் வேலையைப் பற்றி யாரும் பேசக் கேட்டதில்லை.

அறிகுறி: எடுத்தாலே சலிப்பு, முடித்தாலும் பிடிக்காது என்று தெரிகிறது

இப்போதுதான் பட்டியலில் "ஆசை" என்று எழுதிய வரிகளுக்கு வருகிறோம். அந்தப் பொருள் வீட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்று எழுந்து பார்க்காமல் சொல்ல முடிகிறதா? முடியாவிட்டால் அந்த வேலை உங்களுக்குள் எப்போதோ முடிந்துவிட்டது. செலவழித்த பணமும் நாளும் மீளப்போவதில்லை. அதைச் சொல்லி மேலும் நாளைச் செலவழிக்க வேண்டாம்.

பின்னலைப் பிரிப்பது இழப்பில்லை. பிரித்த நூலை நாற்காலியின் முதுகில் சுற்றி, நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அரைமணி ஊறவிட்டு, துண்டில் ஒற்றி, நிழலில் தொங்கவிடுங்கள். சுருள் எல்லாம் நீங்கி மறுபடி நூலாகிவிடும். மரத்துண்டும் துணியும் வேண்டும் என்பவருக்குக் கொடுங்கள். கொடுக்கும்போது "முடித்துக் காட்டு" என்று நிபந்தனை போடக்கூடாது. உங்கள் சுமையை அவர் தலையில் ஏற்றியதாகிவிடும்.

அறிகுறி: எதிலும் மனமில்லை, சமைக்கவும் பேசவும்கூட

இது வேலைகளின் பிழை இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே இருந்து, தூக்கமும் பசியும் மாறியிருந்தால் பட்டியலை மூடிவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அரசு சுகாதார நிலையங்களில் கட்டணம் இல்லை. பாதி ஸ்வெட்டர் காத்திருக்கும்.

அறிகுறி: கருவி இல்லாததால் நிற்கிறது

உங்கள் வீட்டில் இரவல் கருவி ஏதாவது இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். மைத்துனரின் ரசமட்டம், பக்கத்து வீட்டு அண்ணனின் துளையிடும் இயந்திரம், அக்காவின் தையல் இயந்திரக் கால். அவற்றால் ஆக வேண்டிய வேலைகளை மட்டும் பட்டியலிலிருந்து பொறுக்கி, ஒரே நாளில் எல்லாத் துளைகளையும் போட்டு, எல்லா மட்டங்களையும் பார்த்துவிட்டு, அன்று மாலையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நம்முடைய ஏணி யாரிடம் இருக்கிறது என்பதையும் அப்போதே விசாரிக்கலாம். அந்த வீட்டிலும் ஏதோ ஒரு வேலை பாதியில் நின்றிருக்கும்.